இரண்டு சென்ட் லாபம்

இரண்டாயிரத்தில் பிஜியில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்புக்கு அடுத்த வருடம் அது. எங்கள் உல்லாசக் கப்பல் லவுத்தோக்கா துறைமுகத்தில் நின்ற அன்று நடந்ததை இப்போது நினைத்தாலும் எனக்கு வயிறு எரிகிறது.

நானும் என் கணவரும் லவுத்தோக்காவிலேயே பிறந்து வளர்ந்தவர்கள். எண்பத்தேழில் ராணுவம் ஆட்சியைப் பிடித்து எங்களைப் போன்ற இந்திய வம்சாவளிக்காரர்களை நெருக்கியபோது சிட்னிக்குக் குடிபோனோம். அக்கா வரவில்லை. நம் நாட்டை விட்டு நம்மை யார் விரட்டுவது என்று விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வோட்டுவாலேவு என்ற ஊரில் இருந்த வீட்டிலேயே இருந்துவிட்டாள். மறுபடியும் துப்பாக்கியோடு பாராளுமன்றத்துக்குள் ஆட்கள் புகுந்ததும் அவளுக்கும் மனசு விட்டுப்போனது. குடும்பத்தோடு கனடாவுக்குக் கிளம்பினாள். எங்கள் கப்பல் வரும் அதே நாள் பிற்பகலில் அவளுக்கு விமானம். காலையில் இறங்கி டாக்சி பிடித்தால் முக்கால் மணி நேரத்தில் அவள் வீடு. அவள் கையால் சாப்பிட்டுவிட்டு வழியனுப்புவது என்று ஏற்பாடு.

டாக்சிக்கு பிஜி டாலர் வேண்டுமே, கப்பலிலேயே மாற்றிக்கொள்ளலாம் என்றேன். கப்பல்காரன் கமிஷன் போட்டுக் கறந்துவிடுவான், கரையில் மலிவாகக் கிடைக்கும் என்றார் இவர். அதில் நியாயம் இருந்தது, விட்டுவிட்டேன்.

கரையில் டாக்சிக்காரர்கள் ஆஸ்திரேலிய டாலரையே வாங்கிக்கொண்டார்கள். ஆனால் ஒன்றுக்கு ஒன்று, அதாவது ஒரு பிஜி டாலருக்கு ஒரு ஆஸ்திரேலிய டாலர். எங்கள் ஆஸ்திரேலிய டாலருக்கு மதிப்பு அதிகம், அதனால் நஷ்டம்தான். போனால் போகட்டும், ஏறுங்கள் என்றேன். பகல் கொள்ளை என்று சொல்லிவிட்டு டவுனுக்குள் விறுவிறுவென்று நடந்தார்.

பாங்கில் கப்பல் கூட்டம் மொத்தமும் வரிசையில் நின்றது. வெகுநேரம் நின்றோம். கிட்டே போனபோது எதிரே பணம் மாற்றும் கடையின் பலகையில் டாலருக்கு இரண்டு சென்ட் கூடுதல் என்று பார்த்துவிட்டு இவர் அங்கே ஓடினார். அங்கே பாஸ்போர்ட் கேட்டார்கள். பாஸ்போர்ட் கப்பலில் இருந்தது. இங்கேயே நில், எடுத்து வருகிறேன் என்று பர்ஸோடு திரும்பிப் போய்விட்டார்.

நான் பள்ளிக்கூடம் போன தெரு அது. அந்தத் தெருவிலேயே என்னைச் சுற்றுலா வந்த வெளியூர்க்காரி என்று நினைத்து ஒருவன் சிப்பி மாலை விற்க வந்தான். பாவம், அவன் மேல் எரிந்து விழுந்தேன். வியர்த்து விறுவிறுத்து வந்த மனிதர், என்னைப் பார்க்காமலே அந்தக் கடை முன்னால் சேர்ந்துவிட்ட வரிசையின் கடைசியில் போய் நின்றார். அவ்வளவுதான், எனக்குப் பொறுக்கவில்லை. பர்ஸைப் பிடுங்கிக்கொண்டேன்.

"நீங்க உங்க ரெண்டு சென்ட்டோட குடும்பம் நடத்துங்க" என்று சொல்லிவிட்டு முதலில் வந்த டாக்சியில் ஏறினேன். டிரைவர் கொஞ்சம் கூச்சத்தோடு ஒன்றுக்கு ஒன்று என்றார். எடுத்துக்கொள்ளுங்கள், வேகமாக மட்டும் போங்கள் என்றேன். பாதி வழியில் ஆலைக்குக் கரும்பு ஏற்றிப்போகும் ரயில் சாலையை மறித்துக்கொண்டு ஊர்ந்தது. அதையும் வாய்விட்டுத் திட்டினேன்.

அக்கா வீட்டுக் கதவில் பூட்டு. இப்போதுதான் போனார்கள் என்று பக்கத்து வீட்டம்மா கை காட்டினாள். டாக்சியை அப்படியே விமான நிலையத்துக்கு விடச் சொன்னேன். உள்ளே போகும் கதவுக்கு முன்னால் அக்கா நின்றிருந்தாள். அந்த வெயிலிலும் உடம்பில் தடித்த கம்பளிக் கோட்டு.

"எங்கடி போயிட்ட இம்மாம் நேரம்? சோறு வச்சிக்கினு குந்திக்கினு இருந்தேன்டி."

ரேட் பார்த்துக்கொண்டு நின்றோம் என்று எந்த வாயால் சொல்வது?

"கப்பல் லேட்டுக்கா" என்றேன்.

"நாசமாப் போற கப்பல்" என்று என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் வாய் திறப்பதற்குள் மாமா அவள் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

அன்று இரவு கப்பலில் சாப்பாட்டு மேசையில் இவராகவே, "அன்னிக்கு ஏமாந்தது போதும்னு நெனச்சேன்" என்றார். எனக்குப் புரிந்தது. எண்பத்தேழில் வீட்டை விற்ற பணம் கைக்கு வருவதற்குள் பிஜி டாலரின் மதிப்பைக் குறைத்துவிட்டார்கள். அதிலிருந்து பேப்பர் வந்தால் இவர் முதலில் பார்ப்பதே ரேட்டைத்தான். புரிந்ததும் கோபம் இன்னும் கூடியது. ஆட்சியைப் பிடித்து இவரை இப்படி ஆக்கி வைத்த பாவிகள் மேலும் சேர்த்துக் கோபம். அவர்களை நான் எங்கே போய்த் திட்டுவது?

அதற்குப் பிறகு அக்காவைப் பார்க்க முடியவில்லை. என் முழங்கால், மாமாவின் உடம்பு என்று ஏதாவது ஒன்று வந்து தள்ளிப்போய்க்கொண்டே இருக்கிறது. போனில் அந்த நாள் பேச்சு வந்தால் அக்கா இன்னமும் கப்பலைத்தான் திட்டுவாள். நானும் சேர்ந்து திட்டுவேன். இவர் பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வெளியே போவார். ஆனால் அக்காவின் முகத்தைப் பார்த்து நான் கடைசியாகச் சொன்னது ஒரு பொய்யாகப் போய்விட்டதே என்கிற ஆத்திரம் மட்டும் எனக்கு இன்றுவரை அடங்கவே இல்லை.