எங்க ரத்தம் வேற

தூத்துக்குடிக் கடற்கரையில் எங்கள் ஆட்களின் குடும்பப் பெயர்கள் எல்லாம் போர்த்துக்கீசியப் பெயர்கள். பல நூறு வருடங்களுக்கு முன் போர்த்துக்கீசியர்கள் வந்து கூட்டம் கூட்டமாக ஞானஸ்நானம் கொடுத்தபோது தங்கள் பெயர்களையும் ஒட்டிவிட்டுப் போனார்கள். அது அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வந்து இன்றுவரை நிற்கிறது. மீன் பிடிக்கிறவர், வாத்தியார், வக்கீல், எல்லோருக்கும் இதே கதைதான். ஊரில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். என் அப்பாவுக்கு மட்டும் தெரியாது.

அப்பா துறைமுகத்தில் கிளார்க். மற்றவர்களுக்கு ஞானஸ்நானத்தில் வந்த பெயர், நமக்கு மட்டும் பிறப்பிலேயே வந்தது என்பார். ஏதோ ஒரு போர்த்துக்கீசியக் கப்பல் தலைவன் எங்கள் வம்சத்துப் பெண்ணைக் கட்டினானாம். சாட்சி? அப்பாவின் மூக்கு. அந்த மூக்கை வைத்துக்கொண்டு அவர் ஊரையே கீழாகப் பார்த்தார்.

அக்காவுக்கு இருபத்து நான்கு வயதில் ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு நாட்டுப்படகுகள் இருந்தன. நல்ல பையன், அக்காவுக்கும் பிடித்திருந்தது. அப்பா வாசலுக்குக்கூட வரவில்லை. "வலை இழுக்கிறவன் வீட்டுக்கா நம்ம ரத்தத்தக் குடுக்க?" என்று உள்ளேயிருந்து கத்தினார். பதில் சொல்ல என்னை அனுப்பினார். எனக்கு அப்போது பத்தொன்பது வயது, திமிர் பிடித்த வயது. வந்தவர்களைப் பார்த்து, "எங்க ரத்தம் வேற" என்று சொல்லிக் கதவைச் சாத்தினேன். அந்தப் பையன் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு வந்த எந்த வரனும் அப்பாவுக்குத் தகுதியாகப் படவில்லை. பிறகு வரனே வரவில்லை.

நான் கப்பல் ஏறவில்லை, விமானம் ஏறினேன். 2006 வாக்கில் அமெரிக்காவில், பிளசன்டனில் வீடு வாங்கி, பச்சை அட்டையும் வாங்கி, புல்வெட்டும் மனிதனாக ஆகியிருந்தேன். அந்தப் பக்கத்தில் அசோர்ஸ் தீவுகளிலிருந்து வந்து மாட்டுப்பண்ணை வைத்த போர்த்துக்கீசியர்களின் பேரப்பிள்ளைகள் நிறைய. என் அலுவலகத்திலேயே ஒருவன் இருந்தான். அவனுக்கும் எனக்கும் ஒரே குடும்பப் பெயர். முதல் நாளே என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு "கசின்!" என்று கட்டிக்கொண்டான்.

நான் மயங்கிவிட்டேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மயங்கித்தான் போனேன். அவர்கள் மண்டபத்தில் திருவிழா நடக்கும்போது கூப்பிட்டான். மாட்டிறைச்சிக் குழம்பை ரொட்டி மேல் ஊற்றிப் புதினா போட்டுக் கொடுத்தார்கள். தமிழ்ச் சங்கத்துப் பொங்கலுக்குப் போகாதவன் அங்கே மூன்று வருடம் தவறாமல் போய்ச் சாப்பிட்டேன். யாராவது கேட்டால், "எங்க முன்னோர் லிஸ்பன் பக்கம்" என்றுகூடச் சொன்னேன்.

அந்தக் கசின் தன் குடும்பப் பெயர் கொண்ட ஆண்களையெல்லாம் மரபணு வழியாகச் சேர்க்கும் வேலையில் இறங்கியிருந்தான். பெயரைப் போலவே ஒய் குரோமோசோமும் அப்பனிடமிருந்து மகனுக்கு மட்டும்தான் போகும், அதனால் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம் என்றான். எனக்கும் ஒரு பெட்டி கொடுத்தான். சின்ன பிரஷ்ஷால் கன்னத்தின் உள்பக்கம் தேய்த்துத் தபாலில் அனுப்ப வேண்டும்.

"Test பண்ணி என்ன பண்ணப் போறீங்க? Passport மாத்தப் போறீங்களா?" என்றாள் என் மனைவி. நான் அவளிடம் எரிந்து விழுந்தேன். ஊருக்குப் போன் போட்டு அப்பாவிடம் சொன்னேன். எண்பதைத் தாண்டிய மனிதர், அன்றைக்கே மாதா கோவிலில் நாலு பேரிடம் சொல்லிவிட்டார்.

ஆறு வாரத்தில் முடிவு வந்தது. என் அப்பன் வழி முழுக்க முழுக்கத் தென்னிந்தியா. போர்த்துக்கல்லின் வாசனைகூட இல்லை. கசின் தன் இணையப் பட்டியலில் என்னை 'தொடர்பில்லாதவர்கள்' என்ற வரிசைக்கு மாற்றிவிட்டு, வருத்தத்தோடு ஒரு மின்னஞ்சலும் அனுப்பினான். ஆனாலும் அலுவலகத்தில் பார்க்கும்போதெல்லாம் "கசின்!" என்று கூப்பிடுவதை விடவில்லை. இப்போது அது எரிச்சலாக இருந்தது.

ஆனால் என்னைத் தின்றது அதுவல்ல. இல்லாத ரத்தத்தைக் காட்டி ஒரு பெண்ணின் வாழ்க்கையை மறித்திருக்கிறோம். அதை வாசலில் நின்று சொன்ன வாய் என்னுடையது. இந்தச் சோதனையில்கூட அக்காவுக்கு இடமில்லை, பெண்ணிடம் அந்தக் குரோமோசோமே கிடையாது. நாங்கள் காப்பாற்றியதாகச் சொன்ன அப்பன் வழியில் அவள் என்றுமே இருந்ததில்லை.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம் போன் போட்டேன். அங்கே ஞாயிறு காலை, பூசை முடிந்து வந்திருப்பார்கள். அக்காதான் எடுத்தாள். அவளுக்கு அப்போது ஐம்பத்தொன்று. எனக்குப் பொறுக்கவில்லை, கொட்டிவிட்டேன்.

"அக்கா, அந்த ரிசல்ட் வந்துட்டு. நமக்குப் போர்த்துக்கீசிய ரத்தமெல்லாம் இல்லக்கா. எல்லாரையும் மாதிரித்தான் நாமளும்."

லைன் போய்விட்டதோ என்று இரண்டு முறை 'அக்கா, அக்கா' என்றேன்.

"இருக்கேன். அப்பா இட்லி சாப்பிட்டுக்கிட்டு இருக்காங்க. சொல்லட்டா?"

"ஐயோ, வேண்டாம்க்கா. இந்த வயசுல தாங்க மாட்டாங்க."

"அப்ப எனக்கு மட்டும் எதுக்குல சொன்ன?"

கோபமே இல்லாமல் கேட்டாள். மன்னிப்புக் கேட்கத்தான் போன் போட்டேன் என்று நினைத்திருந்தேன். அது பொய். என் பாரத்தை இறக்கி வைக்க ஆள் தேடியிருக்கிறேன், அதற்கும் அவள்தான் கிடைத்தாள்.

"இந்தா, அப்பாட்டப் பேசு" என்று போனைக் கொடுத்தாள்.

"ஏ, என்னாச்சு அந்த டெஸ்ட்டு? கோவில் சாமியார்கூடக் கேட்டாருடா" என்றார் அப்பா. குரலில் அவ்வளவு ஆசை.

அக்கா அவர் பக்கத்தில்தான் நின்றிருப்பாள். என் குரல் அவளுக்கும் கேட்டிருக்கும்.

"இன்னும் வரலப்பா" என்றேன்.