லயத்துக்கு வந்த ரயில்

எங்கள் எஸ்டேட்டுக்கு நூறு வயது ஆனபோது விழா தேயிலைத் தொழிற்சாலையில் நடந்தது. கூடாரம் போட்டார்கள். பெரிய கார்களில் ஆட்கள் வந்தார்கள், ரிப்பன் வெட்டினார்கள், போனார்கள். எங்களுக்கு வீட்டுக்கொரு தேயிலைத்தூள் பெட்டி கிடைத்தது. நாங்கள் பறித்த கொழுந்துதான், பூப்போட்ட அட்டைக்குள் உட்கார்ந்து எங்களிடமே திரும்பி வந்தது.

"நம்ம மாட்டுப் பால நமக்கே டின்னுல போட்டுக் குடுத்த மாதிரி இருக்கு லா" என்றார் எங்கள் வரிசையில் முதல் வீட்டு அக்கா. நான் பள்ளிக்கூடம் போனது ஆறாம் வகுப்பு வரைதான். மீதியை இப்படி ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன். நல்ல பேச்சு காதில் விழுந்தால் எனக்கு அன்றைக்குச் சோறு கூட வேண்டாம்.

அன்று சாயங்காலமே என் வீட்டுக்காரர் ஒரு கேள்வி கேட்டார். அவர் எஸ்டேட் லோரி ஓட்டுகிறவர். "எஸ்டேட்டுக்கு நூறுன்னா நம்ம லயத்துக்கும் நூறுதானே? ஆளு தங்காம யாரு செடி நட்டது? துரை நட்டாரா?"

லயம் என்றால் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடுகள்: பத்துக் கதவு, ஒரே தகரக் கூரை. அதற்கும் ஒரு விழா எடுப்பது என்று முடிவானது. கோழிக்கறிக்கு ஒரு வீடு, சோற்றுக்கு ஒரு வீடு, கேக்குக்கு ஒரு வீடு என்று பிரித்துக்கொண்டோம்.

என் வீட்டுக்காரருக்கு இருந்தது ஒரே ஆசை. அவருடைய அண்ணன் வந்து அந்தக் கேக்கை வெட்ட வேண்டும். அண்ணன் தம்பி இரண்டு பேரும் பிறந்தது நாங்கள் இன்றும் குடியிருக்கும் நாலாவது கதவில். மூத்தார் இதே மலையில் கியா பார்ம் சந்தையில் பூவும் ஸ்ட்ராபெரியும் விற்று நன்றாக வந்துவிட்டார். தனி வீடு கட்டிப் போனவர், அப்புறம் லயத்துப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. சண்டை ஒன்றும் இல்லை. நாங்கள்தான் அங்கே போவோம், சாப்பிடுவோம், பை நிறையக் காய்கறி வாங்கி வருவோம்.

போனில் கூப்பிட்டபோது அவர் சிரித்துவிட்டார். "ஒழுகுற கூரைக்குப் பொறந்தநாள் கொண்டாடுற ஆளுங்கள இப்பத்தான்டா பாக்கிறேன். நீங்க கொண்டாடுங்க. எனக்குக் கடை இருக்கு."

"அண்ணே, நீ வந்தாத்தான்…"

"பாக்கலாம், பாக்கலாம்" என்று வைத்துவிட்டார். அவர் 'பாக்கலாம்' என்றால் வரமாட்டார் என்று எங்கள் வீட்டுப் பூனைக்குக் கூடத் தெரியும். இவர் அன்று முழுக்க லோரியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

இந்தக் கவலையோடுதான் பேனருக்கும் சொன்னார். மலைக்குக் கீழே, தாப்பா ரயில் நிலையத்துப் பக்கம் ஒரு கடை. நாங்கள் வீட்டுக்குள் லயம் என்போம், வெளி ஆட்களிடம் பேசினால் லைன் என்போம். இவரும் "எங்க லைனுக்கு நூறு வயசு, நல்ல பழைய படமா ஒண்ணு போடு" என்று மலாயில் சொல்லியிருக்கிறார். ரயில் நிலையத்துப் பக்கம் உட்கார்ந்திருப்பவனுக்கு லைன் என்றால் என்ன ஞாபகம் வரும்?

விழாவுக்கு முந்தின நாள் சாயங்காலம் பேனரைப் பிரித்தோம். புகை கக்கிக்கொண்டு ஒரு கரி எஞ்சின் ரயில், பேனரின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

முதல் வீட்டு அக்காதான் ஆரம்பித்தார். "இந்த மலைக்கு ரயில் வராதுன்னு யாருப்பா சொன்னது? தம்பி லோரியில ஏத்திக் கொண்டாந்துருச்சே!"

கடைசி வீட்டில் தங்கியிருக்கும் வங்காளதேசத்துத் தம்பி நிதானமாகச் சுற்றிப் பார்த்துவிட்டுச் சொன்னான்: "அக்கா, இது எங்க ஊரு ரயில் இல்ல. கூரை மேல ஆளே காணோம்."

எல்லாரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம், என் வீட்டுக்காரரைத் தவிர. அவர் பேனரைச் சுருட்டினார். "அண்ணனுக்குத் தெரிஞ்சா கியா பார்ம் பூரா சொல்லிச் சிரிப்பாரு. இனி எங்க வரப்போறாரு" என்றார். அதற்குள் யாரோ படம் எடுத்து, அது குடும்பக் குரூப்பில் போய் உட்கார்ந்துவிட்டது.

முதல் வீட்டு அக்கா விடவில்லை. இவரைக் கையைப் பிடித்து இழுத்துப்போய் எதிர் மேட்டில் நிறுத்தி லயத்தைக் காட்டினார். "இப்பப் பாரு. பத்துப் பொட்டி, ஒரே கூரை. என் வீட்டு வெறகடுப்புல பொகை வருது, அதனால நான் எஞ்சின். அந்தக் கடைசி வீட்டுத் தம்பி கொடி காட்டுற கார்டு. கட்டு பேனர!"

எஞ்சின் யார் என்பதில் இரண்டாம் வீட்டுக்கும் அவருக்கும் பெரிய வாக்குவாதம் நடந்தது. அது தீர்வதற்குள் பிள்ளைகள் கதவுக்குக் கதவு பெட்டி எண் ஒட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் போன் அடித்தது. மூத்தார். இவர் எடுத்ததுமே, "அண்ணே, கடைக்காரன் தப்பா…" என்று தொடங்கினார்.

"அத விடுடா. ரயிலு எப்பக் கெளம்புது?"

"மத்தியானம்ணே."

"என் பொட்டி எது?"

"நாலாவது."

"ஜன்னல் சீட்டுப் போட்டு வை."

வந்தார். கடையை மகனிடம் விட்டுவிட்டு, ஸ்ட்ராபெரிப் பெட்டிகளோடு வந்து இறங்கினார். நாலாவது கதவுக்கு முன்னால் கொஞ்சம் நின்றார். நுழையும்போது தலை தானாகக் குனிந்தது. அந்தக் கதவு நிலை எவ்வளவு குட்டை என்று முதுகுக்கு மறக்கவில்லை போலிருக்கிறது. எல்லாரும் கூடியதும், வாசலில் வைத்துக் கேக்கை வெட்டி முதல் துண்டைத் தம்பி வாயில் திணித்தார். இவருக்கு மெல்லவும் முடியவில்லை, பேசவும் முடியவில்லை.

சாப்பிட அவரவர் வீட்டில் உட்காரும்போது மழை பிடித்தது. சொல்லி வைத்த மாதிரி ஒரு சொட்டு மூத்தாரின் தட்டுக்குப் பக்கத்தில் விழுந்தது. நான் பதறிப் பாத்திரம் எடுக்க எழுந்தேன்.

"இரு தாயி. இது அப்பவும் இங்கதான் ஒழுகும்" என்று தட்டை ஒரு சாண் நகர்த்திக்கொண்டார். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிக் கத்தினார். "நம்ம பொட்டி மட்டும்தானா ஒழுகுது?"

"எஞ்சினும் ஒழுகுதுண்ணே!" என்று முதல் வீட்டிலிருந்து பதில் வந்தது.

எஸ்டேட் கொடுத்த தூளைப் பிரித்து டீ போட்டேன். மூத்தார் ஒரு வாய் குடித்தார், நிறுத்தினார், இன்னொரு வாய் குடித்தார். "நல்லா இருக்கே. இது எந்த எஸ்டேட்டுத் தூளு?"

இவர் அப்போதுதான் சிரித்தார். இரண்டு நாள் சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார்.

பேனரை நாங்கள் இன்னும் அவிழ்க்கவில்லை. மூத்தார் இப்போதெல்லாம் போனில் நலம் விசாரிப்பதில்லை. "ரயிலு நிக்குதாடா?" என்பார்.

"நிக்குதுண்ணே. வந்து ஏறிக்க" என்பார் இவர்.