கணபதியின் க

1943 ஆகஸ்ட் 17, செவ்வாய்க்கிழமை. டோக்கியோ நேரம் ஏழுக்கு எழுந்தேன். வெளியே நல்ல இருட்டு. அவித்த மரவள்ளிக்கிழங்கு இரண்டு துண்டு, சீனியில்லாத கோப்பி. எட்டரைக்குச் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டப் பள்ளியில் மணி அடித்தேன். நாட்குறிப்பில் இவ்வளவும் இருக்கிறது. கடைசி வரி: "பள்ளி ஒழுங்காக நடந்தது." அந்த வரி பொய்.

அப்போது ஜப்பான்காரர் ஆட்சி; ஆசிரியர்களான நாங்கள் ஜப்பான் மொழி கற்பிக்க வேண்டும். எங்களுக்கே அது தெரியாது. மாலையில் சுங்கைப்பட்டாணி வகுப்பில் கேட்டதைத் தமிழ் எழுத்தில் குறித்து வந்து, மறுநாள் பிள்ளைகளுக்குச் சொல்வேன். அன்றைய சொல், பள்ளிக்கூடம். என் நோட்டில் 'கக்கோ' என்றிருந்தது. காக்காவுக்குச் சொல்லும் க போட்டுச் சொன்னேன்.

முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். பத்து வயதிருக்கும்.

"அப்படி இல்ல சார். கணபதின்னு சொல்றோம்ல, அந்த க."

"உனக்கு யாரு சொன்னா?"

"அப்பா ஜப்பான்காரன் பங்களாவுல புல்லு வெட்டுறாரு சார். அங்க அப்படித்தான் சொல்றாங்களாம்."

பின்னாலிருந்து ஒருவன், "அப்ப அவ அப்பாவையே வாத்தியாரா போட்டுறலாம்லா!" என்றான். வகுப்பே சிரித்தது.

அவனை விட்டுவிட்டேன். அவளை அழைத்து உள்ளங்கையில் ரோத்தான் பிரம்பால் மூன்று அடி கொடுத்தேன். என் உச்சரிப்பில் அவளைச் சொல்ல வைத்தேன்.

அடிக்கும்போதே அவள் சொன்னது சரியாயிருக்குமோ என்று தோன்றியது. பசி, தூக்கமின்மை என்று காரணம் சொல்லலாம், இரண்டும் உண்மைதான். ஆனால் அதே பசியோடு நன்றாகப் பாடம் நடத்திய நாள்களும் உண்டு. அன்று நான் கை ஓங்கியது, எனக்குத் தெரியாது என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்ட பயத்தில்.

மாலை வகுப்பில் ஜப்பானிய அதிகாரி அந்தச் சொல்லை மறுபடி சொன்னார். கணபதியின் க. என் நோட்டைப் பார்த்த பக்கத்து ஆசிரியர், "நம்ம எழுத்துல ரெண்டுக்கும் ஒரே க தானே, தம்பி. தப்பா சொன்னா யாரு கண்டுபிடிக்கப் போறா?" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்துதான் அந்தக் கடைசி வரியை எழுதினேன்.

புதன்கிழமை காலை, வருகைப் பதிவுக்கும் முன்னால், அந்தப் பெண்ணை எழுந்து நிற்கச் சொன்னேன்.

"பள்ளிக்கூடத்துக்கு என்ன? நேத்து நீ முதல்ல சொன்ன மாதிரியே சொல்லு."

கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள். "கக்கோ, சார்" என்றாள் சத்தமாக. காக்காவின் க.