ளகரம் இல்லாத பட்டியல்

கிளிநொச்சியிலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவியில் இருந்த காலத்தில், நிவாரண அலுவலகம் ஒன்றில் கணினி வேலை பார்த்தேன். உறவுகளைத் தேடி வருவோருக்கு, முகாம்களின் பெயர்ப்பட்டியலைப் பார்த்துச் சொல்ல வேண்டும். அதற்கான நிரலை வெளிநாட்டில் யாரோ எழுதி, மூலநிரலோடு இலவசமாகக் கொடுத்திருந்தார்கள்.

தமிழ் எழுத்தைக் காட்ட அதற்கு இன்னொருவர் எழுதிய துணைநிரல் வேண்டும். எங்கள் இரண்டு கணினிகளில் ஒன்றில்தான் அது இருந்தது. மற்றதில் நிரலைக் கொம்பைல் பண்ணவே, அதாவது கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றவே, முடியவில்லை. அதனால் நான் சில வரிகள் சேர்த்தேன். கொம்பைல் பண்ணும்போது துணைநிரல் இருந்தால் தமிழில் காட்டும். இல்லாவிட்டால் அந்தப் பகுதியைத் தவிர்த்துவிட்டு ஆங்கில எழுத்தில் காட்டும். ஒரு எச்சரிக்கையும் வராமல் ஓடியது. எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு தமிழ் இருந்த கணினி பழுதாகிவிட்டது.

அந்த வாரம்தான் இரணைமடுப் பக்கத்து விவசாயி ஒருவர் மகளைத் தேடி வந்தார். செட்டிகுளம் முகாமில் அதே பெயர், தகப்பன் பெயரும் அதே, வயதும் ஒத்திருந்தது. “இருக்கிறா ஐயா” என்றேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அங்கே போவதற்கான அனுமதி, பாஸ், கிடைக்க ஒரு மாதத்துக்கு மேல் ஆனது.

முகாமுக்குப் போய்த் திரும்பி வந்தவர் என் முன்னால் கதிரையில் இருந்தார்.

“அது வேற ஆரின்ரையோ பிள்ளை, தம்பி. முகாமிலை அவளிட்டை, உன்ரை அப்பா வந்திருக்கிறார் எண்டு சொல்லிப் போட்டினம். அவள் ஓடி வந்தவள். என்னைக் கண்டிட்டு அப்பிடியே நிண்டிட்டாள்.”

அவர் கையால் எழுதித் தந்த படிவத்தையும் முகாமிலிருந்து வந்த படிவத்தையும் எடுத்துப் பார்த்தேன். அவர் மகளின் பெயரில் ளகரம். அந்தப் பெண்ணுடையதில் லகரம். ஆங்கிலத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டன.

“பிழை என்னிலைதான் ஐயா.”

“மெசினுக்கு என்ன தெரியும், விடுங்கோ.”

“மெசின் இல்லை. நான் எழுதினது.”

அவர் என்னை ஏசவில்லை. “அந்தப் பிள்ளையின்ரை தேப்பன் தேடி வந்தா, அவள் அங்கை இருக்கிறாள் எண்டு மறக்காமல் சொல்லுங்கோ” என்றார்.

அன்றே நிரலைத் திருத்தினேன். துணைநிரல் இல்லையென்றால், பெயர்கள் மாறக்கூடும், படிவத்தைப் பார் என்று ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் எழுதிக் காட்டியது. வவுனியா போன ஒருவரிடம் அந்தத் திருத்தத்தைப் புளொப்பியில் கொடுத்து, நிரலை எழுதியவருக்கு அனுப்பச் சொன்னேன். போய்ச் சேர்ந்ததோ தெரியாது.

அந்தப் பெண்ணின் தகப்பன் வரவேயில்லை. விவசாயி மட்டும் திங்கட்கிழமைகளில் வருவார். நான் தேடிவிட்டு இல்லையென்று தலையை ஆட்டுவேன். “ஓம் தம்பி” என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்.