ஒன்பது நாற்பது என்று எழுதிய பிளாஸ்திரி

என் லாக்கர் கதவின் உட்புறம் ஒரு துண்டு வெள்ளை பிளாஸ்திரி ஒட்டியிருக்கிறது. 'மருந்து உள்ளே இருக்கிறது, தொடாதீர்கள்' என்று மலாயில் எழுதி, கீழே நேரம்: 9.40. கையெழுத்து என்னுடையது. ஒரு நாள் அது செனாய் அக்காவின் கழுத்துக் குழாயில் ஒட்டியிருந்தது.

உலு திராமில் நான் தாதியாக, இங்கத்துப் பேச்சில் மிஸ்ஸியாக, இருக்கும் டயாலிசிஸ் நிலையத்துக்கு அக்கா வாரம் மூன்று நாள் வருவார். செனாயில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலை. டயாலிசிஸுக்காக இரண்டு கைகளிலும் ரத்தக்குழாயை இணைத்துப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. வலது கழுத்தில் வைத்த குழாயும் அடைத்துப் போயிற்று. மிச்சம் இருந்தது இடது கழுத்துக் குழாய் ஒன்றுதான். அதற்கு இரண்டு முனை. சிவப்பு வழியாக ரத்தம் மெஷினுக்கு வரும், நீலம் வழியாக உடம்புக்குத் திரும்பும்.

ஒரு நாள் சிவப்பு முனை சரியாக இழுக்கவில்லை. மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. டாக்டரிடம் சொன்னால் மருந்து விட்டுக் காத்திருக்கச் சொல்வார், அக்காவின் பகல் வேலை கெடும். "மாத்திப் போட்டு ஓட்டிடுங்க மிஸ்ஸி" என்றார் அக்கா. சிவப்பையும் நீலத்தையும் இடம் மாற்றினால் மெஷின் வாயை மூடிக்கொள்ளும். அவசரத்துக்கு எல்லோரும் செய்வதுதான். ஆனால் பதிவுப் புத்தகத்தில் எழுதி, டாக்டருக்கும் சொல்ல வேண்டும். நான் இரண்டையும் செய்யவில்லை. இரண்டு வாரத்தில் ஆறு தடவை மாற்றினேன். நல்ல மிஸ்ஸி என்று பெயர் வாங்கும் ஆசை எனக்குக் கொஞ்சம் அதிகம்.

ஏழாவது தடவை இரண்டு முனையுமே அடைத்துக்கொண்டன. டாக்டர் போனில் சொன்னபடி, ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தைக் குழாய் கொள்ளும் அளவுக்கு மட்டும் மெதுவாக விட்டு மூடினேன். வேறு யாரும் தெரியாமல் அதை உடம்புக்குள் தள்ளிவிடக் கூடாதே என்று பிளாஸ்திரியை ஒட்டினேன். அதன்பின் செய்வதற்கு ஒன்றுமில்லை, காத்திருக்க வேண்டும். திறக்காவிட்டால் குழாய் வைக்க வேறு இடம் கிடைக்குமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை. ஒரு மணி நேரம் கழித்து இழுத்துப் பார்த்தேன். ஊசிக்குழல் வெறுமையாகவே இருந்தது.

இரண்டாவது முறை மருந்து விட்டுக் காத்திருந்தபோது, எழுதாமல் விட்டதை அக்காவிடம் சொன்னேன். அன்றே சொல்லியிருந்தால் கட்டி சிறிதாக இருக்கும்போதே கரைத்திருக்கலாம் என்பதையும் சொன்னேன். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நான்தான் கேட்டேன், சரி. ஆனா எனக்குத் தெரியாது மிஸ்ஸி. உங்களுக்குத் தெரியும்லா."

பகல் பன்னிரண்டுக்கு இழுத்தபோது கறுப்பாக ஒரு நூல் வந்தது. அதன் பின்னாலேயே நல்ல ரத்தம். நான் அழுதுவிட்டேன், அக்கா அழவில்லை. டாக்டரிடமும் அன்றே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன், வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

தொடையில் வேறு வழி செய்து முடிக்கும்வரை அந்தக் குழாய் தாங்கியது. பிறகு அக்கா மகனோடு பத்து பாகாட் என்ற ஊருக்குப் போய்விட்டார். அதுவரை ஒவ்வொரு முறையும், நான் கையுறையைக் கழற்றும் முன்பே அவரிடமிருந்து ஒரு கேள்வி வரும். பக்கத்துப் படுக்கைக்காரர்கள் கேலி என்று நினைத்துச் சிரிப்பார்கள். கேலியும் இருந்தது, அது மட்டுமில்லை.

இன்று காலை புதிதாக வந்த ஒருவர், வேலைக்கு நேரமாகிறது, மாற்றிப் போடுங்கள் என்றார். மெஷின் கத்திக்கொண்டிருந்தது. என் கை குழாய்ப் பக்கம் போய்விட்டது. அதற்குள் லாக்கரில் இருக்கும் 9.40 ஞாபகம் வந்தது, கூடவே அக்காவின் குரலும்.

"புக்குல எழுதிட்டீங்களா மிஸ்ஸி?"

மெஷினைக் கத்த விட்டுவிட்டுப் பேனாவைத் தேடினேன்.