கண்ணாடித் தட்டில் அக்கி இலை

மூன்று வாரம் முன்பு கல்வராயன் மலைக்குப் போய், ஒரு புதருக்காக நியாயம் கேட்டுவிட்டு வந்தேன். சிரிக்காதீர்கள்... விஷயம் அப்படி!

என் அக்கா மகள் தேன்மொழி ஆராய்ச்சி மாணவி. உதட்டில் கொப்புளம் கிளப்புகிற ஹெர்பிஸ் வைரஸ் இருக்கிறதே — நம்ம அக்கியின் பங்காளி — அதை மூலிகையால் அடக்க முடியுமா என்று பார்க்கிறாள். கண்ணாடித் தட்டில் செல்களை வளர்த்து, வைரஸை விட்டு, அதன் மேல் இலைச் சாறு. மலையில் சாமை விதைக்கிற சின்னப்பொண்ணு அக்கா, அக்கிக்குப் போடும் காட்டு இலை ஒன்றைக் காயவைத்துக் கொடுத்தார். சோதித்தால், வைரஸ் கப்சிப்!

விடுவேனா? கள்ளக்குறிச்சியில் எதிர்ப்பட்டவரிடமெல்லாம், "எங்க பொண்ணு மருந்து கண்டுபிடிச்சிட்டா" என்று தம்பட்டம் அடித்தேன். ஓசியில் இரண்டு டீகூடக் கிடைத்தது.

அப்புறம்தான் வினை. இரண்டாம் முறை தேன்மொழியே அதே புதரில் பறித்து வந்தாள். வைரஸ் அசரவே இல்லை. "ஒரு மாசம் டைம். மறுபடி அதே ரிசல்ட் வரலைன்னா ஆராய்ச்சித் தலைப்பை மாத்து" என்று பேராசிரியர் சொல்லிவிட்டார். மூன்று வருஷ உழைப்பு! பிள்ளை சரியாகச் சாப்பிடவே இல்லை. பைக்கில் ஏற்றிக்கொண்டு மலைக்கு, சின்னப்பொண்ணு அக்காவிடமே போனேன்.

"அன்னிக்கு நீங்க குடுத்தது வேற இலையாக்கா?" தேன்மொழிக்குக் குரல் உடைந்தது.

"அதே இலைதாம்மா. மஞ்சத் தண்ணில ஊறவச்சி, காயவச்சிக் குடுத்தேன்."

"மஞ்சளா! ஏன்க்கா சொல்லல?"

"நீ இன்னா இலைன்னுதானே கேட்டே? எப்புடிப் போடுறதுன்னு கேட்டியா? வெறும் இலைய எவனாச்சும் போடுவானா?"

தேன்மொழி திருதிருவென்று என்னைப் பார்த்தாள். "மஞ்சளாத்தான் இருந்துச்சு மாமா... காய்ஞ்சதாலன்னு நெனச்சேன்."

என் லட்சணம் மட்டும் என்ன வாழ்ந்தது? ஊர் பூராவும் மருந்து சொன்ன எனக்கும்தான் அதைப் போடும் விதம் தெரியாது.

இறங்கியதும் மூன்று தட்டு வைத்தாள். இலை, மஞ்சள், இரண்டும் சேர்ந்தது. நேற்று போன். சேர்ந்த தட்டில் மட்டும் வைரஸ் அடங்கியிருக்கிறது! அழுதாள். நானும் கொஞ்சம்.

தட்டில் அடங்கியது உடம்பில் அடங்குமா? அது தெரிய இன்னும் எத்தனையோ வருஷம். அதுவரை அக்கி வந்தால் டாக்டரிடம் போங்கள் — எனக்கு டீ வாங்கிக் கொடுத்தவர்கள் முக்கியமாக.

சின்னப்பொண்ணு அக்காவுக்கும் போன் போட்டுச் சொன்னேன். ஆச்சரியமே படவில்லை.

"வேற எதுனா கேக்கணும்னா இப்பவே கேட்டுக்கச் சொல்லுங்க சார். நான் சாமை அறுக்கப் போவணும்."