எல்லாரும் ஒன்றுபோலச் சொன்ன பதில்

எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு சுகாதார ஆய்வில் எனக்கு வேலை. டி.பி. நோயாளிகள் ஏன் பாதியில் மருந்தை நிறுத்துகிறார்கள் என்பது ஆய்வு. ஆட்கள் வீடு வீடாகப் போய்ப் பேட்டி எடுத்து கேசட்டில் பதிந்து வருவார்கள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு அதைக் கேட்டு, தேறுமா தேறாதா என்று சொல்வது என் பொறுப்பு. சேர்ந்த அன்றே சண்டை.

கேசட் பூராவும் ஒரே பதில். ஆஸ்பத்திரி நல்ல ஆஸ்பத்திரி, நர்ஸம்மா தங்கமான மனுஷி, மருந்து சாப்பிட நாங்கள்தான் மறந்துவிட்டோம்.

"அம்புட்டுப் பேரும் ஒண்ணுபோலச் சொல்லுதாங்க. பொறவு என்னம்மா சந்தேகம்?" என்றார் ஆய்வை நடத்திய டாக்டர். அறியாமைதான் காரணம் என்று அறிக்கையை முடித்து, சுவரில் ஒட்ட நோட்டீஸ் அடிக்க ஏற்பாடே செய்துவிட்டார்.

"ஒண்ணுபோலச் சொன்னதுதான் சார் சந்தேகம். ஒரு தெருவுல சாம்பார்கூட ஒண்ணுபோல இருக்காது."

கேசட்டில் பதில் மட்டுமா இருந்தது? கோலி சோடா உடைக்கிற சத்தம் இருந்தது. "சாருக்குச் சொல்லு தாயி" என்று நர்ஸம்மாவின் குரலும் இருந்தது. வீடு காட்ட அவரையே ஜீப்பில் கூட்டிப் போயிருக்கிறார்கள். வந்தவர்களுக்குச் சோடா வாங்கிக் கொடுத்துவிட்டு, கூட்டி வந்தவரை முன்னால் வைத்துக்கொண்டே குறை சொல்ல எங்கள் பக்கத்தில் யாருக்கு வாய் வரும்? எனக்கே வராது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்துக்கு பஸ்ஸில் தனியாகப் போனேன். அங்கே, கேசட்டில் பேசியிருந்த ஒரு பெண். செல்லத்தாய் என்று வைத்துக்கொள்வோம். மெய்ப் பெயரைச் சொல்வது எங்கள் தொழிலுக்கு ஆகாது. ராஜபாளையத்தில் ஸ்பின்னிங் மில்லில் வேலை. மருந்தை நிறுத்தியதில் இருமல் திரும்பியிருந்தது, எலும்பும் தோலுமாக இருந்தாள்.

"மறந்துட்டேன்னு சொன்னியே?"

"மறக்குறதுக்கு அது என்ன குடையாக்கா? காலையிலதான் மருந்து குடுக்காவ. நான் காலை ஷிப்ட். லீவு கேட்டா எதுக்குன்னு கேப்பாவ. டி.பி.ன்னு தெரிஞ்சா மெஷின் பக்கமே விடமாட்டாவ. பிள்ளையள வச்சுக்கிட்டு நான் எங்க போக?"

"இத அன்னைக்கே சொல்றதுக்கு என்ன?"

"நர்ஸம்மா பக்கத்துல இருந்தாவள்லா? அவிய மனசு சங்கடப்படும்."

எனக்கு ஆத்திரமும் வந்தது, அழுகையும் வந்தது. உயிர் போகிற காரியத்திலும் அவளுக்கு அடுத்தவர் மனசுதான் பெரிது.

டாக்டர் மசியவில்லை. "ஒருத்தி சொன்னத வச்சு மாத்த முடியாது" என்றார். அது நியாயம். எல்லார் வீட்டுக்கும் நர்ஸம்மா இல்லாமல் மறுபடி போனோம். மில்லில் வேலை செய்தவர்கள் ஷிப்டைத்தான் காரணமாகச் சொன்னார்கள். ஆலங்குளத்துக்காரர் ஒருவர் மட்டும் மெய்யாகவே மறந்திருந்தார். அதையும் எழுதிக் கொடுத்தேன்.

"உங்க கட்சிக்கே எதிரால்லா எழுதிருக்கீங்க?" என்றார் டாக்டர்.

"அவரும் மனுஷன்தான சார்."

அதைப் பார்த்த பிறகுதான் மற்றதையும் நம்பினார். நோட்டீஸ் நின்றது. சாயங்காலமும் மருந்து கொடுக்க ஆஸ்பத்திரியை ஒத்துக்கொள்ள வைத்தார்.

செல்லத்தாய் சாயங்காலங்களில் வர ஆரம்பித்தாள். ஒரு நாள், நர்ஸம்மா மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போது, "மருந்து ஒத்துக்கிடுதா?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாருக்குக்கா."

நான் நர்ஸம்மாவைப் பார்த்தேன். "நீங்க பேசிட்டு இருங்க, நான் செத்த நேரம் வெளிய நிக்கேன்" என்று அவரே எழுந்து போனார்.

கதவு சாத்தியதும் செல்லத்தாய் குரலை இறக்கினாள். "மாத்திரை போட்டா வயித்தப் பொரட்டுதுக்கா. நாளையில இருந்து நிறுத்திரலாம்னு இருந்தேன்."

அதற்கும் வழி செய்தோம். மருந்தை முடித்தாள், பிழைத்தாள். இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: என்ன சொன்னார்கள் என்று கேட்பதற்கு முன்னால், யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள்.